ஒன்பதடிச் சந்தில் பொத்தான் குச்சிகள்

தங்கை வென்றவற்றை வரிசையாகவே சொல்லிவிடலாம்.

முதலாவது, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, நான்கடி அகலத்தில் ஒன்பதடி நீளத்துக்குக் கிடந்த ஒரு சந்து. உடைந்த நாற்காலியையும் ஓட்டை வாளியையும் போட்டு வைக்கத்தான் ஆகும் என்று எல்லோரும் கைகழுவிய இடம். இரண்டாவது, அந்தச் சந்தில் செடிகளுக்குக் கண்ணாடிக் குடில் போட்டுக்கொள்ள வீட்டுக்காரரின் சம்மதம். "பாக்கலாம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வராத அந்த மனிதரை, வாரா வாரம் வாசலில் போய் நின்று "சரி" என்று சொல்ல வைத்தாள். மூன்றாவது, சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட். சந்துக்குள் வெயில் இறங்குவதே மதியத்துக்குப் பிறகுதான், அந்த நேரத்துக்கு அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். நான்காவது, நாற்றுக்கடையில் செத்துப்போயிற்று என்று குப்பையில் எறிந்த எலுமிச்சைச் செடி. அது இன்றும் உயிரோடு இருக்கிறது, முள்ளும் குத்துகிறது.

ஐந்தாவது, அதே நாற்றுக்கடையில் வாசல் பக்கத்து ராக்கை, விற்பனைக்குச் செடி அடுக்கி வைக்கிற நிலை.

"கைக்கு வராதத எப்படி மச்சான் ஜெயிச்ச கணக்குல சேக்கிறீங்க" என்று அவள் புருஷன், மாப்பிள்ளை, கேட்பார். அண்ணன் சேர்ப்பான். ஒரு பருவம் முழுக்க அந்த ராக்கை அவளுக்காகக் காலியாக இருந்தது. வேறு யாருக்காக எந்தக் கடையில் எந்த ராக்கை காலியாக இருந்திருக்கிறது?

ஆறாவது, அவளுடைய கையெழுத்து.

இவ்வளவையும் வென்றவள் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். படிக்க மனம் இல்லாமல் இல்லை. எழுத்து அவள் கண்ணில் நிற்காது. "ஊருதுண்ணே" என்பாள். "எறும்பு போற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா போயிக்கிட்டே இருக்கு." டீச்சர் இதைக் கேட்டு வகுப்பில் சொல்லிச் சிரித்தார். அன்றையிலிருந்து அவளுக்கு எறும்பு என்று பெயர். வளர்ந்த பிறகு அந்தப் பெயர் வேறு வகையிலும் பொருந்திக்கொண்டது. தன் உடம்பைவிடப் பெரிய பொருளைத் தூக்கிக்கொண்டு போய், இல்லாத இடத்தில் நுழைத்து வைத்துவிடுவாள்.

அண்ணன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். எட்டாவது வரை படித்தவன். இரண்டு தடவை அளந்துவிட்டு, மூன்றாவது தடவையும் அளந்து பார்த்த பிறகுதான் கண்ணாடியில் கோடு கிழிப்பான். குடிலை அவன்தான் போட்டுக்கொடுத்தான். ஒரு பலகம் யாரோ மாற்றிய குளியலறைக் கதவு, இன்னொன்று மூடிப்போன மருந்துக்கடையின் முகப்பு, மற்றவை பழைய ஜன்னல்கள். ஒன்றோடு ஒன்று சேராத கண்ணாடிகளைச் சட்டம் போட்டுச் சேர்த்து, மேலே சாய்வாகக் கூரை வைத்து, மழைத் தண்ணீர் மதில் பக்கம் வழிகிற மாதிரி செய்தான். அவன் வேலை அங்கே முடிந்தது. உள்ளே இருக்கிற ஒவ்வோர் அங்குலத்தையும் ஆக்கியவள் அவள்.

முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, இடுப்பு உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று. அதற்கு மேலே கூரைச் சட்டத்தில் கொக்கி மாட்டித் தொங்கும் தொட்டிகள். தண்ணீர் அதிகம் கேட்காத செடி மேலே, தாகம் பிடித்த செடி கீழே. மேல் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழ்த் தட்டுக்கே போய்ச் சேரும், ஒரு சொட்டு தரையில் வீணாகாது. கீழ்ப் பலகைக்கு அடியில் வெயில் பிடிக்காத கீரை. ஏணிகூட அங்கே சும்மா நிற்காது, படிக்குப் படி ஒரு தட்டு வைத்திருப்பாள். ஏணி தேவைப்பட்டால் முதலில் ஏணியைக் காலி செய்ய ஓர் ஏணி வேண்டும் என்று மாப்பிள்ளை கேலி பேசுவார். நடக்க விட்ட வழி ஒரு பாதம் அகலம். உள்ளே போகும்போது முகம் முன்னால் இருக்கும், வெளியே வரும்போது முதுகு முன்னால் வரும். திரும்ப இடம் கிடையாது. ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வெளியில்தான்.

செடிகளுக்கு அடையாளம் வைக்க அவள் கண்டுபிடித்ததுதான் பொத்தான் குச்சி. சலவைக்கூடத்தில் துணிகளிலிருந்து கழன்று விழுந்து, யாரும் கேட்டு வராத பொத்தான்கள் கூடை நிறையக் கிடக்கும். ஐஸ் குச்சியின் தலையில் ஒரு பொத்தானை ஒட்டித் தட்டின் மூலையில் செருகிவிடுவாள். தக்காளிக்கு மஞ்சள், கத்தரிக்கு ஊதா. யாரும் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றுக்கடைக்காரர் அவளிடம் இரண்டு வருஷம் தக்காளி நாற்று வாங்கிப் பார்த்தார். மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் அவளையும் அண்ணனையும் உட்கார வைத்துப் பேசினார்.

"உன் நாத்த வாங்கிட்டுப் போனவங்க திரும்ப வந்து அதையேதான் கேக்கிறாங்க" என்றார். "வாசல் பக்கத்து ராக்கைய உனக்கு ஒழிச்சு வைக்கிறேன். மிளகாய் நாலு வகை போடு. குடமிளகாய், காரம் இல்லாத நீள மிளகாய், கார மிளகாய், ஊசி மிளகாய். விதையும் தட்டும் நான் தர்றேன். நாலும் நாலா வந்து நின்னுதுன்னா, அந்த ராக்கை இனிமே எல்லாப் பருவமும் உன்னுடையது."

"வரலன்னா?" என்று கேட்டாள்.

"ரோஜாக்காரர் ஒருத்தர் அந்த இடத்துக்கு ரொம்ப நாளா நடையா நடக்கிறார். அவருக்குக் குடுத்துருவேன். அப்புறம் திரும்ப வாங்க முடியாதும்மா, அவர் ராக்கையோட சேத்து என்னையும் தூக்கிட்டுப் போயிருவார்."

அவள் சிரித்தாள். ஆர்டர் புத்தகத்தில் பெருவிரல் ரேகையை வைத்தாள். வெளியே வந்ததும் வாசல் ராக்கையின் முன்னால் நின்று கைவிரித்து அளந்து பார்த்தாள். ஆறு சாண் நீளம், மூன்று தட்டு. "அண்ணே, இதுல நான் நடக்கவே வேண்டாம். செடி மட்டும் நின்னா போதும்" என்றாள். தன்னுடைய இடம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அதுவரை அந்தச் சந்துதான் இருந்தது, அதுவும் வீட்டுக்காரர் மனசு மாறாத வரைக்கும்.

சிவப்புச் சட்டைப் பொத்தான் குடமிளகாய்க்கு. வெள்ளை, நீள மிளகாய்க்கு. கறுப்பு, கார மிளகாய்க்கு. நாலு ஓட்டை வைத்த பழுப்புக் கோட்டுப் பொத்தான் ஊசி மிளகாய்க்கு. விதை போட்ட குழித்தட்டுகள் வந்ததும் குடிலில் இருந்த மற்ற செடிகள் எல்லாம் வெளியே போயின. அப்படியும் இடம் பற்றவில்லை. ஆறு தட்டு சமையலறை ஜன்னலில் கிடந்து வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"இடுப்புப் பலகைக்கும் தோள் பலகைக்கும் நடுவுல இன்னொரு வரிசை போட்டுரலாம்" என்றான் அண்ணன். "மரம் போட்டா கீழ இருக்கிறதுக்கு வெளிச்சம் போயிரும். கண்ணாடியே போடறேன்." கடை அலமாரி ஒன்றிலிருந்து வந்த தடித்த கண்ணாடியை அளவுக்கு வெட்டி, கை கிழிக்காமல் விளிம்பைத் தேய்த்து, கொண்டுவந்து சுவரில் சாய்த்துச் சாக்கு போட்டு மூடினான். தோள் பலகையைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் நடு வரிசைக்குக் குச்சி இடிக்காத உயரம் கிடைக்கும். அதற்கு நீளமான தாங்கிகள் வேண்டும். வெல்டிங் கடையில் சொல்லிவிட்டு வந்தான். தாங்கி வரும் வரை கண்ணாடியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான்.

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. ஒரு லாரியைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை பெட்டி பிடிக்கும் என்று சொல்லிவிடுவார், மற்றவர்கள் சொல்வதைவிட எப்போதும் நாலு பெட்டி கூடவே பிடிக்க வைப்பார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே காற்று போனால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவி ஆறு தட்டுகளை வைக்க இடம் இல்லாமல் தவிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய்த்த ஒரே வித்தைக்கு வேலை வந்துவிட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சலவைக்கூடத்தில் முழுநாள் முறை வந்ததால் அவள் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அண்ணன் தாங்கிகளோடு வந்தபோது மாப்பிள்ளை கேட்டிலேயே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மச்சான், கண்ண மூடிக்கிட்டு வாங்க."

"இந்தச் சந்துல கண்ண மூடிக்கிட்டு வந்தா மூக்கு இருக்காது மாப்ள."

"சரி, தொறந்துக்கிட்டே வாங்க."

கண்ணாடிப் பலகை உள்ளே ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, இம்மி ஆடாமல் நிறுத்தியிருந்தார். ஜன்னலில் கிடந்த ஆறு தட்டுகளும் உள்ளே. அதற்கு மேலும் ஒரு தட்டுக்கு இடம் மிச்சம். உயரமான நாற்று நடுவில், குட்டையானது ஓரத்தில், ஒரு தட்டின் விளிம்பும் இன்னொன்றை நெருக்கவில்லை. ஒரு மூச்சு நேரத்துக்கு அண்ணனும் மெய்மறந்துதான் நின்றான். இவ்வளவு நேர்த்தியாக அவனாலேயே அடுக்கியிருக்க முடியாது.

பிறகு கேட்டான். "குச்சி எல்லாம் எங்க மாப்ள?"

"அது நீட்டிக்கிட்டு மேல இடிச்சுது. அதுனாலதான் பலகை இறங்கல. எடுத்துட்டேன்." மாப்பிள்ளை ஒரு குவளையை நீட்டினார். "கலந்துரக் கூடாதுன்னு கலர் கலராப் பிரிச்சு ரப்பர் போட்டு வெச்சிருக்கேன் பாருங்க."

நான்கு கட்டுகள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பழுப்பு. தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில்.

"எந்தக் குச்சி எந்தத் தட்டுல இருந்துது?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தவர் தட்டுகளைப் பார்த்தார். "அவ வந்தா அவளுக்குத் தெரியுமே மச்சான். தினம் பாக்கிறவதான."

கிடங்கில் அப்படித்தான். பெட்டி மேல் ஒட்டுகிற சீட்டு வெளியாட்களுக்கு. அடுக்கியவனுக்கு எந்தப் பெட்டி எங்கே என்று தெரியும். மாப்பிள்ளை அதை நம்பித்தான் செய்தார். தட்டுகள் பழைய இடத்தில் இருந்திருந்தாலாவது ஞாபகத்தில் இருந்து எடுத்திருக்கலாம். உயரம் பார்த்து அடுக்கியதில் அதுவும் போயிற்று.

தங்கை வந்தாள். குடிலுக்குள் நுழைந்தாள். பாதி வழியில் நின்றாள். வெளியே இருந்த இருவருக்கும் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.  பிறகு பின்பக்கமாகவே நடந்து வந்து, மாப்பிள்ளையின் கையிலிருந்த குவளையை வாங்கிக் கட்டுகளைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள்.

திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்தில் மனிதர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மிளகாய் நாற்று எல்லாம் ஒரே முகம். வளர்ந்து காய்த்தால்தான் இன்னது என்று தெரியும். ஆனாலும் அவள் பார்க்காத வழி இல்லை. இலையைக் கிள்ளி முகர்ந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஊசி மிளகாய்க்கு இலை சற்றுச் சின்னதாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. சின்ன இலைத் தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தாள். எடுத்து வைத்த பிறகுதான், அவற்றில் பாதி ஜன்னலில் வெளிச்சம் இல்லாமல் கிடந்து இலை சிறுத்த தட்டுகள் என்பது புரிந்தது. மறுபடி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தாள்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை மெதுவாகப் பேச்செடுத்தார். "நாலு வகைதான. நாலு பங்காப் பிரிச்சுக் குச்சி வெச்சுட்டா, ஏதோ கொஞ்சமாவது சரியா அமைஞ்சிராதா?"

"அமையலன்னா?"

"காய்க்கிறப்ப பாத்தாலே தெரிஞ்சிரும். ஊசி மிளகாய யாரும் குடமிளகாய்ன்னு கடிச்சுப் பாக்கப் போறதில்லயே."

"பாத்தா தெரியும். அது வரைக்கும் யாரு தண்ணி ஊத்தறது? நம்மள நம்பி ஒரு பருவம் பூரா ஊத்தியிருப்பாங்க." சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை. "நான் போய்ச் சொல்லிர்றேன்."

 மாப்பிள்ளை சொன்ன யோசனை அண்ணன் மனசிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தங்கை சொன்ன பிறகு அது ஓடவில்லை.

நாற்றுக்கடைக்காரர் அவள் கொண்டுபோன தட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டியும் பார்த்தார்.

"இதுல நானும் குருடன்தாம்மா. யாரு பிடுங்கினா குச்சிய?"

"எங்க வீட்ல" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

"பூ வந்தா தெரியுமா?" என்று அண்ணன் கேட்டான்.

"நாலுக்கும் வெள்ளைப் பூதான்." அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணு பண்ணு. காய் பிடிச்சதும் செடியாவே கொண்டா. காயோட நிக்கிற செடிக்கு யாரும் பேர் சொல்ல வேண்டியதில்ல. மழை இறங்கிட்டா அப்புறம் மிளகாய யாரும் தொட மாட்டாங்க. அது வரைக்கும் ராக்கைய யாருக்கும் குடுக்கல."

அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். ஆறுதலாகத்தான் இருந்தது, அண்ணன் டேப்பை எடுக்கும் வரை. குழித்தட்டில் நாற்றாக நிற்க ஒரு செடிக்கு ஒரு குழி போதும். காய்க்கும் வரை வளர்க்க ஆளுக்கு ஒரு தொட்டி வேண்டும், தொட்டிக்குத் தொட்டி இலை முட்டாத தூரம் வேண்டும். அண்ணன் சந்தை அளந்தான். வாசலை அளந்தான். வீட்டுக்குள் ஜன்னல் ஜன்னலாக அளந்தான். மூன்றாவது தடவை அளந்தபோதும் அதே விடைதான். குடிலில் எவ்வளவுதான் நெருக்கி வைத்தாலும் இரண்டு தட்டுச் செடிகள்தான் நிற்கும். வீட்டில் இன்னொரு தட்டு. மீதியைப் பிடுங்க வேண்டும்.

"எதுன்னே தெரியாம எத பிடுங்கறது?" என்றாள்.

 கண்ணாடி என்றால் அளவுக்கு மிஞ்சியதை வெட்டிவிடலாம். இங்கே வெட்டுகிற துண்டில்தான் குடமிளகாய் முழுவதும் இருக்கிறதோ என்னவோ.

ஒவ்வொரு தட்டிலிருந்தும் திடமான ஐந்தாறு நாற்றை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். தெருவில் போகிறவர்களிடம், என்ன காய்க்கும் என்று தெரியாது என்று சொல்லியே சிலவற்றைக் கொடுத்தாள். தெரியாதது என்றதும் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சத்தை மாப்பிள்ளையே கூடையில் அள்ளிக்கொண்டு போய் மதில் ஓரத்துக் குப்பைக் குழியில் போட்டார். எதையும் அடுக்காமல் அந்த மனிதர் போட்டு அண்ணன் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. ஜன்னல் ஒவ்வொன்றிலும் மிளகாய்ச் செடி. அலமாரி மேல் மிளகாய்ச் செடி. துணி துவைக்கிற இடத்தில் தொட்டியைத் தாண்டித்தான் குழாயைத் திறக்க வேண்டும். மாப்பிள்ளை, வெளிச்சம் வரும் பக்கம் என்று கட்டிலில் தன் பாதியையும் ஒரு பலகை போட்டுச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். மாடிக் குடித்தனக்கார அம்மா படியில் இறங்கும்போதெல்லாம் ஒன்று சொல்லாமல் போக மாட்டார். "உங்க வீட்டுக்கு வரணும்னா வெட்டுக்கத்தி எடுத்துட்டு வரணும் போலிருக்கே." இன்னொரு நாள், "மாப்பிள்ளைய எந்தத் தொட்டில வெச்சிருக்கே?" மாப்பிள்ளை உள்ளிருந்தே, "வேர் பிடிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாதும்மா" என்று பதில் கொடுத்தார். தங்கைகூட அன்று சிரித்தாள்.

குடிலுக்குள் நெருக்கம் தாங்கவில்லை. இலையோடு இலை ஒட்டிக்கொண்டது. ஒரு செடிக்கு வந்த பூச்சி ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் வந்தது. வெயிலுக்காகச் செடிகள் நீண்டன, தண்டு தடிக்கவில்லை. பூ பிடித்தது. பிடித்த பூ உதிர்ந்தது. மதியம் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் உள்ளே போய், பலகைகளில் உதிர்ந்து கிடக்கிற வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வருவாள். அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பாள்.

அண்ணன் தன்னால் ஆனதைச் செய்தான். வாரம் ஒரு முறை வந்து, வெளிப்பக்கம் இருந்து கண்ணாடிகளைத் துடைத்துவிட்டுப் போவான். ஒரு தூசி அளவு வெளிச்சமாவது கூடட்டும் என்று. அதற்கு மேல் ஒரு கண்ணாடிக்காரனால் ஒன்றும் ஆகாது.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, கண்ணாடில கோடு போடுவியே, அந்த மெழுகுப் பென்சில் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"குச்சின்னா யாரு வேணா பிடுங்கலாம். கண்ணாடில எழுதி வெச்சா யாரு பிடுங்குவா?"

"உனக்குத்தான் எழுத்து ஊருமே."

"ஊரட்டும். பிடிச்சுப் பாக்கிறேன்."

உள்ளே இருவர் நிற்க இடம் இல்லை. அவன் வெளியே நின்றுதான் எழுத வேண்டும். வெளியே நேராக எழுதினால் உள்ளே இருப்பவளுக்கு இடம் வலமாகத் தெரியும். கடை முகப்புக் கண்ணாடிகளில் உள்பக்கமிருந்து திருப்பி எழுதிப் பழகிய கை அது. எழுத்து ஒவ்வொன்றையும் வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்டான், அவள் பக்கம் நேராகத் தெரியும்படி. முதலில் நாலு மிளகாய்க்கும் முதலெழுத்து: கு, நீ, கா, ஊ. உள்ளே கண்ணாடியில் படிந்திருந்த நீராவி மேல் அவள் விரலை வைத்து, அவன் கோட்டைத் தொடர்ந்தாள். அவன் வெளியே, அவள் உள்ளே, நடுவே கண்ணாடி. "ஊ" எழுதும்போது, "இது ஏன்ணே தலைக்கு மேல இன்னொன்ன தூக்கி வெச்சிருக்கு, இதுக்கும் இடம் பத்தலையா?" என்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, "என் பேரு எப்படி இருக்கும்னு போடு" என்றாள்.

அவளுக்குப் பெயர் இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள். நான்கெழுத்துப் பெயர். மருந்துக்கடை முகப்பாக இருந்த பெரிய பலகத்தில், உள்ளங்கை அளவு எழுத்தாக, திருப்பிப் போட்டு எழுதினான். அவள் உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஊரலண்ணே" என்றாள்.

மாடி அம்மா படியில் நின்று எட்டிப் பார்த்தார். "இது எந்த தேசத்து பாஷை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காய் மூன்று செடிகளில் பிடித்தது. முதல் செடியில் வந்தது ஊசி மிளகாய். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது, அலமாரி மேல் இருந்த செடி, குண்டாக ஒரு காயை விட்டது. குடமிளகாய் என்று அதற்குச் சிவப்புப் பொத்தான் குச்சியை நட்டாள். அது எலுமிச்சை அளவு வந்து, அடியில் கறுத்து, விழுந்தது. மற்ற செடிகள் பூத்துக்கொண்டும் உதிர்த்துக்கொண்டும் நின்றன. எந்தத் தட்டில் எது இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் மழை இறங்கியது. சும்மா தூறலாக இல்லை, கூரைக் கண்ணாடியில் அறைந்து பெய்தது. அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு கூப்பிட்டு அனுப்பற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டாம்" என்றாள்.

காலித் தட்டுகளைக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மாப்பிள்ளை தள்ளுவண்டியில் வைத்துக் கட்டினார். மூவரும் நாற்றுக்கடைக்குப் போனார்கள். மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு வெளியிலேயே நின்றார். வாசல் பக்கத்து ராக்கை சுத்தமாகத் துடைத்துக் காலியாக இருந்தது. அதற்குக் கீழே தரையில் ரோஜாத் தொட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன.

நாற்றுக்கடைக்காரர் தட்டுகளைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டார். ஆர்டர் புத்தகத்தில் அவளுடைய பக்கத்தைத் திறந்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் ஏதோ எழுதிவிட்டு, மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "முடிஞ்சுதுன்னு ஒரு ரேகை வெச்சிரும்மா."

அவள் கையை நீட்டவில்லை. "பேனா குடுங்க" என்றாள்.

"ரேகை போதும்மா. இது சும்மா கணக்கு முடிக்கிறதுக்கு."

"மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. அதப் பாத்தா யாருதுன்னு உங்களுக்குத் தெரியுதா?"

அவர் குனிந்து, பருவத் தொடக்கத்தில் அவள் வைத்த பழைய ரேகையைப் பார்த்தார். "அது எப்படித் தெரியும்?"

"அப்பப் பேனா குடுங்க. கெட்டதும் என்னுதுன்னு தெரியட்டும்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். பேனா அவள் கைக்கு வந்தது.

பெருவிரல் வைக்கிற அளவுக்குத்தான் அந்தக் கட்டம் இருந்தது. நான்கெழுத்துக்கு அது பற்றாது என்று அண்ணனுக்குத் தோன்றியது, வாய் திறந்து சொல்லவும் போனான். அவள் உடனே எழுதவில்லை. புதுப் பலகையைப் பார்க்கிற மாதிரி கட்டத்தின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பார்த்தாள். பிறகு முதல் எழுத்தை இடது மூலையில் சின்னதாக வைத்தாள். இரண்டாவதை அதன் தோளை ஒட்டி. பின்னால் விலை கேட்டு நின்ற ஒருவர் கனைத்தார், அவள் காதில் விழவில்லை. மூன்றாவது எழுத்தோடு மேல் வரிசை நிறைந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, நான்காவதைக் கீழே, மற்ற மூன்றுக்கும் அடியில் கிடந்த இடத்தில் நுழைத்தாள். ஒரு கோடும் கட்டத்தைத் தாண்டவில்லை.

"இன்னிக்குத் தேதியும் போட்டுருங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "எண்ணு எனக்கு இன்னும் வராது."

அவர் பக்கத்தில் தேதி போட்டார். மூவரும் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மழையில் திரும்பி வந்தார்கள்.  அவள் எழுதியது ரத்தான ஆர்டருக்கு அடியில், ராக்கை கைவிட்டுப் போன கணக்கில்தான். ஆனாலும் அது கையெழுத்து. அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட நாள் 2014, ஜூன் 19, வியாழக்கிழமை.